முப்பதாவது மீட்டர்

"சாமி, எனக்குக் கட்சி இருக்கு," என்றார் தில்லையம்பலம்.

"எனக்கு முதுகுவலி இருக்கு," என்றார் சாமி.

தில்லையம்பலம் தாலுகா ஆபீஸ் சர்வேயர். வயது ஐம்பத்து நான்கு. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வெளியே கரட்டடியில் ஒரு குடிசை, ஒரு கிணறு, ஒரு புடலைப் பந்தல், ஓடை ஓரம் ஒரு வேலி. வந்து ஒன்பது வருஷம். அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் என்பார்கள். தபால்காரர் என்பார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஆளைக் கொழிஞ்சிப்பட்டியில் ஆபீசர் என்பார்கள். இல்லையென்றால் சாமி என்பார்கள். இவரிடம் மேஜை இல்லை. அதனால் சாமி.

தில்லையம்பலம் விஷயத்தைச் சொன்னார்.

நாலுமுக்கில் ரோடு குறுகிவிட்டது. பஸ் திரும்ப முடியவில்லை. யாரோ மேலே எழுதிப் போட்டார்கள். அளந்து அறிக்கை கொடு என்று தாசில்தார் உத்தரவு. வரைபடத்தில் ரோட்டின் அகலம் பன்னிரண்டு மீட்டர். போய் நின்று பார்த்தால் பதினொன்றரைதான் தேறும். அரை மீட்டரை யாரோ தின்றிருக்கிறார்கள்.

ரோட்டுக்குக் கிழக்கே கூஜாக் கட்சியின் கொடிமேடை. சிமெண்டு மேடை, மூன்று படி, நடுவில் கம்பம், உச்சியில் பித்தளைக் கூஜா. மேற்கே சவரிமுத்துவின் சைக்கிள் கடை. தகரக் கூரை, காற்றடிக்கும் பம்பு, ஒரு பெஞ்சு. சவரிமுத்து மண்வெட்டிக் கட்சியின் வார்டு செயலாளர். கடையைத் திறந்ததும் முதலில் கூஜாக் கட்சியைத் திட்டுவார். அப்புறம்தான் பஞ்சர் ஒட்டுவார்.

இரண்டில் ஒன்று ரோட்டுக்குள் நிற்கிறது. எது என்று சர்வேயர் சொல்ல வேண்டும். மேடை என்றால் மேடை போகும். கடை என்றால் கடை போகும். கம்பத்தை வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம். சவரிமுத்துவுக்கு வேறு கடை கிடையாது.

"இதுல உனக்கு என்ன?" என்றார் சாமி.

"நான் கூஜாக் கட்சி, சாமி."

"கார்டு வெச்சிருக்கியா?"

"அரசு ஊழியர் வெச்சுக்கக் கூடாது. மனசுல இருக்கு."

எப்போதிலிருந்து இருக்கிறது என்பதையும் சொன்னார். பதினேழு வயதில் லாரி மேல் ஏறி மாநாட்டுக்குப் போனதிலிருந்து. கட்சி தோற்ற வருஷம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஜெயித்த வருஷமும் சாப்பிடவில்லை, அது சந்தோஷத்தில். இன்னொன்றையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கூஜாக் கட்சியின் நகரச் செயலாளர் பரஞ்சோதி அவர் மனைவிக்கு அண்ணன்.

ஊருக்கே தெரிந்த விஷயம். அதற்கு எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியவில்லை.

"அளந்துட்டியா?"

"இல்ல சாமி. அளக்கும்போது கை என் கட்சிப் பக்கம் சாஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. நேரா நிக்க ஒரு வழி சொல்லுங்க."

சாமி குனிந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கினார். பந்தலில் ஒரு புடலங்காய் கொக்கி மாதிரி வளைந்து தொங்கியது. அதன் நுனியில் நூலால் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்.

காய் மெல்ல நிமிர்ந்தது.

தில்லையம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே சாமி காலில் விழுந்தார். எழுந்து வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

சாமி அடுத்த காய்க்குக் கல் தேடினார்.


பதினைந்து நாள் கழித்து வந்தார். இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"கட்டிக்கிட்டேன் சாமி," என்றார்.

"எதை?"

பதினைந்து நாளில் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கேட்க வேண்டும் என்று சாமி சொல்லவில்லை.

கூஜாக் கட்சிக்காரன் எவன் ஆபீசுக்கு வந்தாலும் இப்போது உட்காரச் சொல்வதில்லை. மண்வெட்டிக் கட்சிக்காரன் வந்தால் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். கூஜாக் கட்சி மகளிர் அணியில் ஓர் அம்மா, தன் மனையை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுக்க மனுக் கொடுத்திருந்தாள். அதை எடுத்துக் கட்டுக்கு அடியில் வைத்தார். மற்ற மனுக்கள் நகர நகர அது மேலே வந்துவிட்டது. திரும்பவும் அடியில் வைத்தார். மூன்று தடவை வைத்தார்.

டீக்கடையில் நின்று தன் கட்சித் தலைவரைத் தானே திட்டினார். எல்லாரும் கேட்கும்படி திட்டினார். வீட்டுக்கு வந்து தலைவர் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நேற்று மண்வெட்டிக் கட்சியிலிருந்து நாலு பேர் ஆபீசுக்கு வந்து சால்வை போர்த்தப் பார்த்தார்கள். ஓடி வந்துவிட்டார்.

சாமி எல்லாவற்றையும் கேட்டார்.

"எதுக்கு இதெல்லாம் செஞ்ச?"

"நீங்கதானே சாமி கல்லைக் கட்டச் சொன்னீங்க."

"நான் புடலங்காய்க்குக் கட்டினேன்."

"எனக்கு இல்லையா?"

"நீ என்ன புடலங்காயா?"

தில்லையம்பலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து நாள் உழைப்பு.

பிறகு சாமியே கேட்டார்.

"அந்த அம்மா மனுவுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல சாமி. எல்லாம் சரியா இருந்துச்சு."

"அப்புறம்?"

"எங்க கட்சி."

"அப்புறம்?"

தில்லையம்பலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்சியை விட்டுடட்டுமா சாமி?"

"முடியுமா?"

தில்லையம்பலம் யோசித்தார். ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆள் பொய் சொல்ல மாட்டார்.

"முடியல. போன திங்கக்கிழமை காலையில விட்டேன். சாயங்காலம் இடைத்தேர்தல் முடிவு வந்துச்சு. கை தன்னால தட்டிருச்சு."

"அப்ப இருக்கட்டும். போய் அள."

"மனசு?"

"அதையா அளக்கச் சொல்லியிருக்காங்க?"


அந்த அம்மாவின் மனுவில் மறுநாளே கையெழுத்துப் போட்டார். நாலுமுக்கை அளக்கப் புதன்கிழமையைக் குறித்தார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போக வேண்டும்.

புதன்கிழமை காலையில் தலைக்குக் குளித்தார். சாப்பிடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் தலைவர் படத்தை எடுத்து மனைவி மங்கையிடம் கொடுத்தார். அவள் அதை அஞ்சறைப் பெட்டியில் வைத்தாள். வேறு எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை. கூஜாக் கட்சிக் கொடியில் பச்சை உண்டு. பச்சைக் கோடு போட்ட சட்டை வேண்டாம் என்று வெள்ளைச் சட்டை போட்டார். வெள்ளை மண்வெட்டிக் கட்சியின் நிறம் என்று பாதி வழியில் நினைவு வந்தது. திரும்பிப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்று மாட்டிக்கொண்டு வந்தார்.

நாலுமுக்கில் கூட்டம். கிழக்கே கூஜா. மேற்கே மண்வெட்டி. நடுவில் ஒரு பஸ், திரும்ப முடியாமல்.

அளக்க வேண்டிய வேலை லேசானது. பழைய தபாலாபீஸ் சுவர் ஓரம் ஒரு சர்வே கல் இருக்கிறது. வெள்ளைக்காரன் நட்டது. தலையில் ஒரு வெட்டு. அந்த வெட்டிலிருந்து மேற்கே முப்பது மீட்டர் வந்தால் ரோடு ஆரம்பம். கொடிமேடை அந்த முப்பதுக்குள் அடங்கினால் மேடை தன் மனையில் நிற்கிறது, தப்பு கடை மேல். மேடை முப்பதைத் தாண்டினால் தப்பு மேடை மேல். இவ்வளவுதான்.

டேப்பின் ஒரு முனை தபாலாபீஸ் பக்கம் போனது. மறுமுனையோடு தில்லையம்பலம் மேடைக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கண்ணை மூடித் தன் மனதைப் பார்த்தார். கூஜா இல்லை. மண்வெட்டி இல்லை. திறந்து டேப்பைப் பார்த்தார்.

முப்பது மேடையைத் தாண்டி விழுந்தது. மூன்று படியும் உள்ளே.

இன்னொரு தடவை அளந்தார். அதே. இன்னொரு தடவை. அதே.

கிழக்கே வெடி வைத்தார்கள். தில்லையம்பலம் எழுந்து போய் வெடி வைத்தவனைத் திட்டினார். திரும்பி வரும்போது தன் மனதை இன்னொரு முறை பார்த்தார். சந்தோஷம் இல்லை. அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்.

பிறகு அங்கிருந்து பன்னிரண்டு மீட்டர் போட்டார். சவரிமுத்துவின் கடை முகப்பு அரை மீட்டர் ரோட்டுக்குள் இருந்தது. பெஞ்சு, பம்பு, கூரையைத் தாங்கும் இரண்டு கால். அதைச் சவரிமுத்துவிடம் அவரே போய்ச் சொன்னார். சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார். பிடிக்கட்டும் என்று கொஞ்சம் முன்னால்கூட நின்றார்.

சவரிமுத்து பிடிக்கவில்லை.

"அளந்துட்டீங்க. சரி," என்றார்.

கூரையில் தொங்கிய டயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே அடுக்க ஆரம்பித்தார். பஞ்சர் ஒட்ட ஒருவன் வந்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை இருக்கிறது, அங்கே போ என்று அனுப்பிவிட்டார். யாரையும் திட்டவில்லை. அன்றைக்குக் கடை திறந்தபோது கூஜாக் கட்சியைக்கூடத் திட்டவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.


வியாழக்கிழமை காலையில் தில்லையம்பலம் கரட்டடிக்கு வந்தபோது சாமி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மனசு சுத்தமாத்தான் இருந்துச்சு."

"நல்லது."

"ஆனா அறிக்கை எழுத வரமாட்டேங்குது. பேனாவை எடுத்தா அந்த ஆள் டயர் கழட்டுறது தெரியுது. நான் எங்கேயோ சாஞ்சுட்டேன் சாமி. எங்கேன்னு தெரியல."

"எத்தனை தடவை அளந்த?"

"மூணு."

"மூணும் ஒண்ணா?"

"ஒரு நூல் மாறல."

"கண்ணாடி?"

"புதுசு."

"டேப்பு?"

"சர்க்கார் டேப்பு. போன மாசம்தான் சரிபார்த்து வந்துச்சு."

சாமி வாளியை மேலே இழுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"டேப்புக்கு எத்தனை முனை?"

"ரெண்டு."

"ஒண்ணு உன் கையில."

"ஆமா."

"இன்னொண்ணு?"

தில்லையம்பலம் தன் கையைப் பார்த்தார்.

ஒரு விஷயம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க சர்க்காரில் ஓர் ஆள் உண்டு. செயின்மேன் என்று பெயர். கொழிஞ்சிப்பட்டித் தாலுகாவில் அந்த வேலை ஆறு வருஷமாகக் காலி. ஆள் போடச் சொல்லி எழுதினால், கோப்பு நகர்வதாகப் பதில் வரும். கோப்பு வேறு எங்கோ நகர்ந்துகொண்டிருந்தது. அதனால் அளக்கிற இடத்தில் யார் நிற்கிறாரோ அவரே பிடிப்பது என்று ஆகிவிட்டது. இந்த ஆறு வருஷத்தில் எந்தத் தெருவில் அளந்தாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூப்பிடாமலே ஒருவர் வந்து நிற்பார். கொடு மாப்ளே, நான் பிடிக்கிறேன் என்பார். நல்ல மனசு என்று ஊர் சொல்லும். தில்லையம்பலமும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"யாரு பிடிச்சா?" என்றார் சாமி.

"மச்சான்."

சாமியின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது.


தில்லையம்பலம் நேரே தாசில்தாரிடம் போனார். தாசில்தார் ஒரு பெண்மணி, பெயர் அமலோற்பவம். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. எதையும் உடனே நம்ப மாட்டார், உடனே மறுக்கவும் மாட்டார்.

"மேடம், பரஞ்சோதி என் மச்சான்."

"தெரியும்."

"எழுதிக் கொடுக்கிறேன்."

"ஊருக்கே தெரிஞ்சதை எதுக்கய்யா எழுதுறீங்க?"

"எல்லாருக்கும் தெரியும் மேடம். கோப்புக்குத் தெரியாது."

தாசில்தார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஒரு தாளை நகர்த்தி வைத்தார். தில்லையம்பலம் எழுதினார். மச்சான் என்று எழுதினார். மறுமுனையை அவர்தான் பிடித்தார் என்றும் எழுதினார். வேறு சர்வேயரைப் போடுங்கள் என்று கேட்டார். பக்கத்துத் தாலுகாக்காரர் வர மூன்று மாதம் ஆகும், அதுவரை பஸ் நாலுமுக்கிலேயே நிற்குமா என்று தாசில்தார் கேட்டார். புதன்கிழமை அளந்ததை ரத்து செய்தார். நாளைக்கே நீங்களே அளக்கவும், ஆனால் இரண்டு கட்சிக்காரரும் கல்லண்டை நிற்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு விஷயம் அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. எங்க அண்ணனையா திருடன்னு எழுதிக் கொடுத்தீங்க என்று மங்கை கேட்டாள். அப்படி எழுதவில்லை, அண்ணன் என்று மட்டும்தான் எழுதினேன் என்றார். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். சோறு வரவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தார்.


வெள்ளிக்கிழமை. அதே நாலுமுக்கு. கூட்டம் இரண்டு மடங்கு.

பரஞ்சோதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார். தில்லையம்பலம் டேப்பைக் கொடுக்கவில்லை. சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"என்ன மாப்ளே, என்னை நம்பலையா?"

"நம்புறேன் மச்சான். அதான் சிக்கல்."

சவரிமுத்து முனையை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் சுவருக்குப் போனார். பரஞ்சோதி பின்னாலேயே போனார். சவரிமுத்து கல்லண்டை உட்கார்ந்து, வளையத்தைக் கல்லுக்கு ஒரு சாண் பின்னால் வைத்துக்கொண்டு, ரெடி என்று குரல் கொடுத்தார்.

பரஞ்சோதி பிடித்துக்கொண்டார். இதுதான் உங்க கட்சியோட நேர்மையா என்று கேட்டார்.

சவரிமுத்து எழுந்தார். சரி, முந்தாநாள் நீ எங்கே வைத்தாய், அதைக் காட்டு என்றார். நான் கல் மேல்தான் வைத்தேன் என்றார் பரஞ்சோதி. இல்லை, இந்தச் சாக்கடை மூடி மேல் நின்றுதான் பிடித்தார், நான் பார்த்தேன் என்றார் தபாலாபீஸ் வாசலில் பூ விற்கிற பெண். சாக்கடை மூடி கல்லுக்கு முக்கால் மீட்டர் முன்னால் இருக்கிறது.

ஊரே பரஞ்சோதியைப் பார்த்தது.

"கல் மேல நாய் அசிங்கம் பண்ணியிருந்துச்சு," என்றார் பரஞ்சோதி. "கொஞ்சம் தள்ளி வெச்சேன்."

"மூணு தடவையுமா?" என்றார் சவரிமுத்து.

நாயைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு நடந்தது. யார் வீட்டு நாய் என்பது வரைக்கும் போனது. பூக்காரி அந்த நாய்க்கும் கட்சி உண்டா என்று கேட்டாள். தில்லையம்பலம் டேப்பின் மறுகோடியில், மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மனதைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறியது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியில் இரண்டு பேரும் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டார்கள். வளையத்தில் சவரிமுத்துவின் விரல். அதன் மேல் பரஞ்சோதியின் விரல். ஒருவர் பின்னால் இழுக்க, இன்னொருவர் முன்னால் தள்ள, வளையம் நடுங்கிக்கொண்டே வெள்ளைக்காரன் போட்ட வெட்டில் போய் நின்றது. அதற்கு மேல் இரண்டு பேராலும் நகர்த்த முடியவில்லை. முகத்தோடு முகம் உரச, மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இருபது வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை.

தில்லையம்பலத்துக்கு ஒரே வேலைதான் இருந்தது. படித்தார்.

முப்பது இரண்டாவது படியில் விழுந்தது. முதல் படி ரோட்டில் இருந்தது.

அங்கிருந்து பன்னிரண்டு. சவரிமுத்து கடையின் முகப்புக் கால் ஒரு சாண் தள்ளி, தன் இடத்தில் நின்றது.

உரக்க வாசித்தார். எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பரஞ்சோதி போட்டது தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த தாளிலும் விழுந்தது.

சவரிமுத்து கடைக்குப் போய் டயர்களை எடுத்து மாட்டினார். கூஜாக் கட்சியைத் திட்டினார். தில்லையம்பலத்தின் வண்டியில் காற்று இறங்கியிருந்தது. தள்ளிக்கொண்டு போய் நின்றார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தார்.

"முன்னால ரெண்டு பேர் இருக்காங்க," என்றார் சவரிமுத்து. "வரிசையில நில்லுங்க."

நின்றார்.


ஒரு மாதம் கழித்துக் கரட்டடிக்குப் போனார். மனக்குறை நிறைய இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்.

மேடையை இடித்து உள்ளே தள்ளிக் கட்டியாயிற்று. மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை. மங்கை மட்டும் போய்வந்தாள். கட்சிக்காரர்கள் துரோகி என்கிறார்கள். மண்வெட்டிக்காரர்கள் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். இன்னும் அவர் கூஜாக் கட்சிதான். அதை யாரும் நம்புவதில்லை. அதுதான் ரொம்ப வருத்தம்.

சாமி காதில் வாங்கவில்லை. குடிசைக்குள் போனவர், ஒரு டம்ளர் மோரோடு வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் சாமி யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. தில்லையம்பலம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சாமி கூரைச் சொருகலிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ். ஓடைப் புறம்போக்கில் வேலி போட்டிருப்பதாகத் தெரிகிறது, அளந்து பார்க்கப்படும் என்று இருந்தது.

"நீயே வந்து அளந்து கொடுத்துடு," என்றார் சாமி. அவ்வளவு இதமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

தில்லையம்பலம் தாளைப் பார்த்தார். மோரைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

"நான் அளக்கக் கூடாது சாமி."

"ஏன்?"

"உங்க கால்ல விழுந்திருக்கேன்."

"மச்சானுக்கு அளந்தியே?"

"அதுவும் கூடாதுதான். ஊரே கூட நின்னுச்சு. தப்பிச்சேன்."

"அப்ப யாரு வருவா?"

"பக்கத்துத் தாலுகாக்காரர். நோட்டீஸ் போன அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன். மூணு மாசம் ஆகும்."

"ஆள் எப்படி?"

"சாமி கும்பிட மாட்டார்."

சாமி மோரை எடுத்துத் தானே ஒரு வாய் குடித்தார்.

"கூட யாரு நிப்பா?"

"ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரங்க."

ஓடைக்கு அந்தப் பக்கம் மாரக்கா. நாற்பது ஆடு வைத்திருக்கிறாள். வேலி வந்ததிலிருந்து ஆடுகள் தண்ணீருக்கு இறங்க வழியில்லை. அரை மைல் சுற்றி ஓட்டிப் போகிறாள். கொழிஞ்சிப்பட்டியில் சாமியைச் சாமி என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள்தான். என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதை இங்கே எழுத முடியாது.

சாமி டம்ளரை வைத்தார். எழுந்தார். ஓடைப் பக்கம் நடந்தார். வேலியின் முதல் கழியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிடுங்கினார். ஓர் அடி உள்ளே தள்ளி நட்டார்.

திரும்பிப் பார்த்தார்.

"போதுமா?"

"நான் சொல்லக் கூடாது சாமி."

சாமி அவரையே கொஞ்ச நேரம் முறைத்தார்.

பிறகு கழியைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் ஓர் அடி உள்ளே போனார்.